பழைய ரோமில் ஆண்டது யார்: செனட்டா, மக்களா, செல்வந்தர்களா?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. மன்னர்கள் போன பிறகு, பேரரசர்கள் வருவதற்கு முன் இருந்த ரோமக் குடியரசை மக்களாட்சி என்று சொல்லலாமா என்பது ஒன்று. பாட்ரீசியன், பிளபியன் என்று பள்ளியில் படித்த பிரிவு பணக்காரர், ஏழை என்ற பிரிவுதானா என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் முதலாவதற்கும் வழி கிடைக்கும்.

பாட்ரீசியன் என்பது பிறப்பால் வருவது. தொடக்க காலத்தில் பூசாரிப் பொறுப்புகளையும் ஆட்சிப் பதவிகளையும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த சில குலங்களின் வாரிசுகளே பாட்ரீசியன்கள். கிளாடியஸ், கார்னீலியஸ், ஜூலியஸ், ஃபேபியஸ் ஆகியவை அந்தக் குலங்களில் சில. மற்றக் குடிமக்கள் அனைவரும் பிளபியன்கள். அந்த மற்றவர்களில் அன்றாடக் கூலிக்காரரும் உண்டு, பெருநிலக்கிழாரும் உண்டு. ரோமின் பெருஞ்செல்வந்தர் என்று பெயரெடுத்த கிராசஸ் பிளபியன்தான். பேச்சாளராகவும் அரசியல்வாதியாகவும் புகழ்பெற்ற சிசரோவும் பிளபியன்தான். மறுபக்கம், பின்னாளில் சர்வாதிகாரியான சல்லா கார்னீலியஸ் குலத்துப் பாட்ரீசியன். ஆனால் வாழ்ந்து கெட்ட குடும்பம். இளமையில் அவர் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் 3,000 செஸ்டர்ஸ் (ரோமக் காசு) வாடகைக்குக் குடியிருந்தார் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அதே வீட்டின் மாடிக்கு 2,000 கொடுத்து இருந்தவர், விடுதலை பெற்ற ஒரு முன்னாள் அடிமை.

கி.மு. 59இல் நடந்த ஒரு தத்தெடுப்பு இந்தப் பிரிவின் தன்மையை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. குளோடியஸ் என்ற அரசியல்வாதி பிறந்தது கிளாடியஸ் குலத்தில். ரோமின் மிகப் பெருமை வாய்ந்த குலங்களில் அது ஒன்று. அவருக்கு டிரிபியூன் என்ற மக்கள் பேராளர் பதவி வேண்டியிருந்தது. அதுவோ பிளபியன்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே, தன்னைவிட வயதில் இளையவரான ஒரு பிளபியனுக்கு அவர் தத்துப்பிள்ளையானார். அந்த ஆண்டு கான்சலாக (ஆண்டுக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை ஆட்சியாளர்) இருந்த ஜூலியஸ் சீசர் அதற்கு வழி செய்து கொடுத்தார். பிளபியன் ஆனதும் குளோடியஸ் தேர்தலில் வென்றார். மறு ஆண்டே நகர மக்களுக்குத் தானியத்தை இலவசமாக்கினார். தன் பகைவர் சிசரோவை நாட்டைவிட்டே வெளியேற வைத்தார்.

உயர்குடிப் பிறப்பையே ஒருவர் உதறிவிட்டு வரும் அளவுக்கு அந்தப் பதவியில் என்ன இருந்தது? அதைப் புரிந்துகொள்ள, இன்னும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

கி.மு. 495இல் நடந்ததாக வரலாற்றாசிரியர் லிவி ஒரு காட்சியைச் சொல்கிறார். கந்தல் உடுத்திய முதியவர் ஒருவர் ரோமின் பொதுச் சதுக்கத்துக்குள் ஓடி வருகிறார். எலும்பும் தோலுமான உடம்பு, வளர்ந்து சடைபிடித்த தாடி. மார்பில் போர்க்களத்தில் பட்ட விழுப்புண்கள். அவர் படையில் இருந்தபோது எதிரிகள் அவருடைய வயலை அழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளை ஓட்டிச் சென்றார்கள். அந்த நேரம் பார்த்து வரி வந்தது. கடன் வாங்கினார். வட்டி ஏறியது. பாட்டன் நிலம் போனது, பிறகு மற்ற உடைமைகள் போயின, கடைசியில் உடம்பே கடன் கொடுத்தவருக்குச் சொந்தமானது. இதைச் சொல்லிவிட்டு அவர் முதுகைத் திருப்பிக் காட்டுகிறார். சாட்டையடியின் புதுத் தழும்புகள். கூட்டம் கொந்தளித்தது.

லிவி இதை எழுதியது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு என்பதால், முதியவரின் பேச்சை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் கடனடிமை முறை உண்மை. கி.மு. 451-450இல் எழுதப்பட்ட பன்னிரு பலகைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. கடன் தீர்ப்பான பிறகு 30 நாள் தவணை. அதற்குள் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் கடனாளியை விலங்கிட்டு 60 நாள் அடைத்து வைக்கலாம். நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமாவது கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் மீட்க ஆள் வராவிட்டால், டைபர் ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விற்றுவிடலாம்.

பிளபியன்கள் இதற்கு எதிராக எடுத்த ஆயுதம் வேலைநிறுத்தம். கி.மு. 494இல் படைவீரர்கள் நகரைவிட்டு வெளியேறி, அருகிலிருந்த புனித மலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வாள் எடுத்துச் சண்டையிடவில்லை. ரோமுக்காகச் சண்டையிட மறுத்தார்கள். சுற்றிலும் எதிரிகள் இருந்த ஊருக்கு அதைவிடப் பெரிய அச்சுறுத்தல் கிடையாது. அந்தப் போராட்டத்தில் பிறந்ததே டிரிபியூன் பதவி. இந்தப் பேராளர்களை யாராவது தொட்டால் அவனைக் கொல்லலாம் என்று பிளபியன்கள் சத்தியம் செய்தார்கள். அதிகாரி ஒருவர் ஏழையைப் பிடித்து இழுத்துச் செல்லும்போது டிரிபியூன் குறுக்கே நின்று தடுத்தால், அங்கேயே அது நின்றுவிடும். ஆலோசனை சபையான செனட்டின் தீர்மானத்தையும் அவர் ஒருவரே நிறுத்தலாம். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். நகருக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. முறையிட வருபவருக்கு எந்நேரமும் அவர் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடுகள். உலக அரசியல் வரலாற்றில் எளியவர்கள் போராடிப் பெற்ற பதவிகளுள் இதைத்தான் நான் முதன்மையாக வைப்பேன்.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஒவ்வொரு தடையாக விழுந்தது. இரு பிரிவினருக்குமிடையே திருமணம் கூடாது என்ற விதி கி.மு. 445இல் நீங்கியது. கி.மு. 367இல் கான்சல் பதவி பிளபியன்களுக்குத் திறந்தது. கி.மு. 326இல் கடனடிமை முறை ஒழிந்தது. கி.மு. 287இல் பிளபியன் மன்றத்தின் முடிவு பாட்ரீசியன்கள் உட்பட எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. அதற்கும் பிறகு, கி.மு. 172இல் முதன்முறையாக இரண்டு கான்சல்களுமே பிளபியன்களாக இருந்தார்கள்.

பாடநூல்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகின்றன. பிளபியன்கள் வென்றார்கள், சமத்துவம் வந்தது என்று தோன்றிவிடுகிறது. வென்றது வசதி படைத்த பிளபியன் குடும்பங்கள். அவை பழைய பாட்ரீசியன் குடும்பங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்து, புதிய ஆளும் வட்டமாயின. முன்னோரில் யாராவது கான்சலாக இருந்திருந்தால்தான் அந்த வட்டத்தில் முழு மரியாதை. சிசரோ கி.மு. 63இல் கான்சல் ஆனபோது அவரைப் புது ஆள் என்றார்கள்; அவர் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் செனட்டில்கூட இருந்ததில்லை.

சட்டப்படி எல்லாக் குடிமக்களுக்கும் வாக்கு இருந்தபோது இந்தச் சிறு வட்டம் எப்படி நிலைத்தது? விடை வாக்கெடுப்பு முறையில் இருக்கிறது.

கான்சல்களைத் தேர்ந்தெடுத்த பேரவையில் தலை எண்ணி வாக்கு எண்ணப்படவில்லை. குடிமக்கள் 193 குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரு குழுவுக்குள் பெரும்பான்மை எப்படியோ, அதுவே அந்தக் குழுவின் ஒற்றை வாக்கு. குழுக்களைப் பிரித்ததோ சொத்துக் கணக்கின்படி. குதிரைப்படைச் செல்வந்தர்களுக்கு 18 குழுக்கள். அடுத்திருந்த முதல் சொத்து வகுப்புக்கு 80. இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குத் தலா 20. ஐந்தாம் வகுப்புக்கு 30. கைவினைஞர், இசைக்கருவி வாசிப்போர் ஆகியோருக்கு 4. சொத்தே இல்லாத அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு. 18ஐயும் 80ஐயும் கூட்டுங்கள்: 98. பெரும்பான்மைக்கு வேண்டியது 97. மேலே இருப்பவர்கள் ஒன்றுபட்டால் முடிவு அங்கேயே வந்துவிடும். வாக்கெடுப்பு மேலிருந்து கீழே நடக்கும். பெரும்பான்மை கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். கடைசிக் குழு பெரும்பாலும் கூப்பிடப்படவே மாட்டாது. பிற்காலத்தில் முதல் வகுப்பின் குழுக்கள் 70 ஆகக் குறைக்கப்பட்டன. அதனால் அடித்தட்டுக்குப் பெரிய ஆதாயம் ஏதும் வரவில்லை.

இது தற்செயலாக அமைந்ததன்று. யாரும் வாக்குரிமையிலிருந்து விலக்கப்பட்டதாகத் தோன்றக் கூடாது, அதே நேரம் வலிமை முழுவதும் முதன்மையானவர்களிடமே இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தப் படிநிலைகள் என்று லிவியே வெளிப்படையாக எழுதுகிறார். என் கருத்தில் ரோமக் குடியரசைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வாக்கியம் கிடையாது.

வட்டார வாரியாகக் கூடிய மற்றொரு பேரவை இருந்தது. அதில் சொத்துக் கணக்கு இல்லை. 35 வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. அதிலும் ரோம் நகருக்கு 4 மட்டுமே. மீதி 31 நாட்டுப்புறத்துக்கு. நகரத்து ஏழைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் பெரும்பாலும் அந்த நான்கில் அடைக்கப்பட்டார்கள். வாக்களிக்க வேண்டுமென்றால் நேரில் ரோமுக்கே வர வேண்டும். இத்தாலி முழுவதும் குடியுரிமை பெற்ற பிறகும் அந்த விதி மாறவில்லை. அறுவடையை விட்டுவிட்டு, பல நாள் நடந்து வந்து வாக்குப் போட எந்தச் சிறு விவசாயியால் முடியும்?

இருந்தாலும் மக்கள் வாக்குக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. மேல்தட்டு பிளவுபட்ட தேர்தல்களில் கீழே உள்ள வகுப்புகள் வரை வாக்கெடுப்பு இறங்கி வந்தது. வாக்குக்கு மதிப்பு இருந்ததால்தான் அதை மறைக்கவும் பார்க்கவும் அத்தனை சண்டை நடந்தது. ஆரம்பத்தில் வாய்விட்டுச் சொல்லித்தான் வாக்களிக்க வேண்டும். நிலம் கொடுத்தவர், கடன் கொடுத்தவர், வழக்கில் உதவியவர் எல்லாரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கி.மு. 139இல் தேர்தலுக்கு இரகசிய வாக்கு வந்தது. மெழுகு பூசிய சிறு பலகையில் எழுதி, உயரமான ஒடுக்கப் பாதையில் நடந்து போய்க் கூடையில் போட வேண்டும். உடனே பெரிய மனிதர்களின் ஆட்கள் அந்தப் பாதையில் நின்று பலகையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கி.மு. 119இல் டிரிபியூனாக இருந்த மாரியஸ், வாக்காளரைத் தவிர வேறு யாரும் நிற்க முடியாதபடி பாதையைக் குறுகலாக்கச் சட்டம் கொண்டுவந்தார். செனட் அவரை அழைத்து விளக்கம் கேட்டது. சட்டத்தை எதிர்த்த கான்சலைச் சிறையில் போடுவேன் என்று அவர் பதிலுக்கு மிரட்டினார், சட்டம் நிறைவேறியது.

செனட்டுக்கு முறைப்படி சட்டமியற்றும் அதிகாரம் கிடையாது. அது ஆலோசனை சபை. ஆனால் கான்சல் ஓராண்டு இருந்துவிட்டுப் போய்விடுவார். செனட்டர் ஆயுள் முழுவதும் இருப்பார். பதவிக்காலம் முடிந்ததும் திரும்ப அதே சபையில்தான் உட்கார வேண்டும் என்று தெரிந்த கான்சல், அதன் சொல்லை எளிதில் மீறமாட்டார். கருவூலம், படைச் செலவு, வெளிநாட்டுத் தூதுவர்கள், எந்த மாகாணத்துக்கு யார் போவது ஆகியவை எல்லாம் நடைமுறையில் அதன் கையில் இருந்தன.

பதவிகளுக்குச் சம்பளம் இல்லை. இதைச் சாதாரண விவரம் என்று கடந்துபோய்விடக் கூடாது; முழு அமைப்பும் இதன்மேல் நிற்கிறது. சம்பளம் இல்லாத வேலையைச் செல்வந்தர்தான் பார்க்க முடியும். அத்துடன் மக்களுக்கு விழா எடுக்க வேண்டும். சீசர் கி.மு. 65இல் நகர விழாக்களுக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்தபோது 320 இணை கிளாடியேட்டர்களை இறக்கினார். போட்ட பணத்தை மாகாணங்களில்தான் எடுத்தார்கள். சிசிலியை மூன்றாண்டு சுரண்டிய ஆளுநர் வெர்ரஸ், ஓராண்டு வருமானம் தனக்கு, அடுத்தது வழக்கறிஞர்களுக்கு, மூன்றாவது நீதிபதிகளுக்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்ததாகக் கி.மு. 70இல் நீதிமன்றத்தில் சிசரோ குற்றஞ்சாட்டினார்.

செனட்டர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்கள் குதிரை வீரர் வகுப்பினர். பெயர் பழைய படைப் பிரிவிலிருந்து வந்தது. தொழிலோ வணிகம், ஒப்பந்தம், வரி வசூல். கி.மு. 218இல் வந்த ஒரு சட்டம் செனட்டர்கள் பெரிய கடற்கப்பல்கள் வைத்திருக்கக் கூடாது என்றது; பெருவணிகம் இவர்கள் பக்கம் திரும்ப அது வழி செய்தது. இந்த வகுப்பில் இடம்பெற 4,00,000 செஸ்டர்ஸ் சொத்து வேண்டும். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் செனட்டருக்கு 10,00,000 என்று ஆயிற்று. அன்று ஒரு காலாட்படை வீரரின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். தகுதி உடையிலேயே தெரியும்: செனட்டரின் அங்கியில் அகன்ற ஊதாக் கோடு, குதிரை வீரருக்கு மெல்லிய கோடும் பொன் மோதிரமும். நாடக அரங்கில்கூட இவர்களுக்கென்று 14 வரிசைகள் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருந்தன.

பெண்கள் குடிமக்களாக எண்ணப்பட்டார்கள், சொத்து வைத்திருந்தார்கள், வாக்கும் பதவியும் இல்லை. கி.மு. 42இல் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1,400 செல்வப் பெண்கள்மீது வரி விதித்தார்கள். ஹார்டென்சியா என்ற பெண்மணி பொதுச் சதுக்கத்தில் நின்று, பதவியிலும் படைத்தலைமையிலும் ஆட்சியிலும் பங்கில்லாத நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டார். வரி கட்ட வேண்டியவர்களின் எண்ணிக்கை 400 ஆகக் குறைக்கப்பட்டது.

அடிமைகளைப் பற்றிப் பேசும்போது இரண்டு உண்மைகளைச் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கிரேக்க நகரங்களில் காணக் கிடைக்காத ஒரு வழக்கம்: ரோமக் குடிமகன் முறைப்படி விடுதலை செய்த அடிமை, ரோமக் குடிமகனாகவே ஆனார். மாசிடோனிய மன்னர் ஐந்தாம் பிலிப், கி.மு. 214இல் லாரிசா நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சுட்டிக்காட்டி, ரோமர்கள் பெருகியதே இப்படித்தான் என்று புகழ்ந்தார். அந்தக் கடிதம் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. விடுதலை பெற்றவர் தானே பதவி வகிக்க முடியாது. பிறகு பிறக்கும் மகன் வகிக்கலாம். கி.பி. 193இல் பேரரசரான பெர்டினாக்ஸ், விடுதலை பெற்ற ஓர் அடிமையின் மகன்.

ரோமில் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலுக்கு வெளியே இன்றும் ஒரு கல்லறை நிற்கிறது. யூரிசாசஸ் என்ற ரொட்டிக்காரர் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. பெயரை வைத்துப் பார்த்தால் அவரும் விடுதலை பெற்றவராகவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மாவு பிசையும் தொட்டிகளைப் போன்ற வட்டத் துளைகள் சுவரெங்கும் இருக்கின்றன. மேலே நெடுகச் சிற்பங்கள்: தானியம் வாங்குகிறார்கள், அரைக்கிறார்கள், சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், அடுப்பில் வைக்கிறார்கள், நிறுத்துக் கொடுக்கிறார்கள். உழைத்துச் சாப்பிடுவதைச் செனட்டர்கள் இழிவாகக் கருதிய ஊரில், தன் தொழிலை இத்தனை பெருமையோடு கல்லில் வடித்து வைத்திருக்கிறார். செனட்டர்களின் சிலைகளைவிட இந்தக் கல்லறை எனக்கு நெருக்கமானது.

மற்றோர் உண்மை கொடியது. கி.பி. 61இல் நகரத் தலைவர் பெடானியஸ் செகண்டஸை அவருடைய அடிமை ஒருவர் கொன்றார். ஒரே கூரையின் கீழ் இருந்த எல்லா அடிமைகளையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர் இருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. பொதுமக்கள் செனட்டைச் சூழ்ந்துகொண்டு எதிர்த்தார்கள். இந்த அடிமைக் கூட்டத்தை அச்சத்தால் மட்டுமே அடக்க முடியும் என்று புகழ்பெற்ற சட்ட அறிஞர் காசியஸ் வாதாடினார். செனட் அவர் பக்கம் நின்றது. மக்கள் கல்லும் தீப்பந்தமும் எடுத்தார்கள். பேரரசர் நீரோ வழிநெடுகப் படைவீரர்களை நிறுத்தி, 400 பேரையும் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகச் செய்தார். நகரத்து எளிய மக்கள் அடிமைகளுக்காகத் தெருவில் இறங்கினார்கள் என்பதையும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிந்து வைத்திருக்கிறார். அது மறக்கப்படக் கூடாது.

குடியரசு எப்படிப் பேரரசாயிற்று என்பது தனிப் பதிலுக்குரியது. அகஸ்டஸ் பழைய பதவிகளில் எதையும் ஒழிக்கவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். கான்சல்கள் இருந்தார்கள், செனட் கூடியது, தேர்தல் நடந்தது. அவர் பாட்ரீசியன் ஆகியிருந்ததால் டிரிபியூன் பதவி வகிக்க முடியாது, ஆகவே கி.மு. 23இல் பதவியை ஏற்காமலேயே அதன் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். புனித மலையில் ஏழைகள் பெற்ற தற்காப்பு, ஒற்றை மனிதரின் ஆட்சிக்கு அடித்தளமாயிற்று.

இந்த மாற்றத்தின் சான்று நம் ஊரிலேயே கிடைத்திருக்கிறது. மிளகு, மணிக்கற்கள், துணி ஆகியவற்றின் வணிகத்தோடு வந்த ரோம வெள்ளிக்காசுகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்தன. இந்தியாவில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசுகளில் ஒரு வகை, கேடயங்களும் ஈட்டிகளும் தாங்கி நிற்கும் இரு இளைஞர்களைக் காட்டுகிறது. அகஸ்டஸ் தத்தெடுத்த பேரன்கள் கையஸும் லூசியஸும். கான்சலாக நியமிக்கப்பட்டவர்கள், இளைஞர்களின் தலைவர்கள் என்று எழுத்து ஓடுகிறது. நாற்பது வயது தாண்டியவர் பேரவையில் போட்டியிட்டு வெல்ல வேண்டிய பதவி, பதின்ம வயதுப் பேரனுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட்டதைக் காசே அறிவிக்கிறது. கி.பி. 14இல் அடுத்த பேரரசர் டைபீரியஸ் தேர்தல்களைப் பேரவையிலிருந்து செனட்டுக்கு மாற்றியபோது, மக்களிடமிருந்து முணுமுணுப்பைத் தவிர வேறு எதிர்ப்பு வரவில்லை.

வாக்கு போன பிறகும் குடியுரிமைக்கு மதிப்பு இருந்தது. ஜெருசலேமில் கிறித்தவத் திருத்தூதர் பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தான் ரோமக் குடிமகன் என்று அவர் சொன்னதும் படைத்தலைவர் அஞ்சிப் பின்வாங்கியதை விவிலியம் சொல்கிறது. நான் பெரும்பணம் கொடுத்து இந்த உரிமையைப் பெற்றேன் என்கிறார் அந்தத் தலைவர். நானோ பிறப்பால் குடிமகன் என்கிறார் பவுல். கி.பி. 212இல் பேரரசர் காரகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் அந்த உரிமையை வழங்கினார்.

அதற்குள் சட்டம் வேறொரு கோட்டைக் கிழித்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டிலேயே குடிமக்கள் மேலோர், கீழோர் என்று பிரிக்கப்பட்டார்கள். செனட்டர், குதிரை வீரர், நகரசபை உறுப்பினர், ஓய்வுபெற்ற படைவீரர் ஆகியோர் மேலோர். ஒரே குற்றத்துக்கு மேலோருக்கு நாடுகடத்தல். கீழோருக்குச் சுரங்க வேலை, சிலுவை, அல்லது காட்டு விலங்குகள். கி.பி. 332இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம், தப்பியோட நினைக்கும் குத்தகை உழவர்களை அடிமைகளைப் போல விலங்கிட்டு வேலை வாங்கலாம் என்றது. அந்த உழவர்கள் எல்லாரும் சட்டப்படி ரோமக் குடிமக்கள்.